சீந்தில் குடித்த ரத்தம்

“என்னக்கா, ஒங்க வீட்டுக்காரரு ஒடம்புக்குள்ள யாரோ விசாரணை நடத்துற மாதிரி கேக்குதே?” என்று வாடிப்பட்டி நர்ஸ் ரோகிணி முத்துச்செல்வியிடம் கேட்டாள். கேட்கத்தான் செய்தது. ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

அவள் புருஷன் அழகுமலைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், கப்பலூரில் கட்டிக் கொடுத்த தங்கை பாண்டிமீனா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருந்தாள். ரத்தத்தில் காவல் இருக்கும் வெள்ளை அணுக்கள் புதிதாக வந்ததை வேற்றாள் என்று குதறிவிடாமலிருக்க, அவற்றைத் தூங்கவைக்கும் மாத்திரைகளை மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அணுக்கள் தூங்கின. அழகுமலை விழித்திருக்கும்போதும் அவற்றின் குறட்டை கேட்டது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், “ஒன் ஆளுகளை எழுப்பிவிடு மாப்ள, நியூஸ் கேக்க முடியல” என்றார்கள். மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் நல்லது என்று செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்து, முத்துச்செல்வி வேப்பமரத்தில் படர்ந்திருந்த கொடியை நறுக்கிக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யட்டும், கசாயம் ஒரு பக்கம் தெம்பு கொடுக்கட்டும் என்று நினைத்தாள், டாக்டரிடம் சொல்லவில்லை. அந்த வாரமே குறட்டை நின்றது. அழகுமலையைக் கடித்த கொசுக்கள் அவன் கைமேலேயே செத்து விழுந்தன. தெருவில் காய்ச்சல் வராத ஒரே ஆள் அவன். பிறகு அணுக்கள் உடம்புக்குள் வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பின. ஈரலும் நுரையீரலும் பேரைச் சொல்லித் தப்பின. புதுச் சிறுநீரகம் வைத்திருந்த வலது அடிவயிற்றில் வந்து நின்றன.

“யாரு நீ?”

“பாண்டிமீனா குடுத்த கிட்னி.”

“அவ எந்த வீடு?”

“கப்பலூரு.”

“கட்டிக் குடுத்த பிள்ளைக்கு இங்க என்ன பாத்தியதை?”

கேட்டது அழகுமலையின் குரலேதான். அப்பா இறந்த வருஷம், வயலில் பங்கு கேட்டு வந்த தங்கையிடம் அவன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

முகம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. விழித்துக்கொண்ட அணுக்கள் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று டாக்டர் கையை விரித்தார். முத்துச்செல்வி போன் செய்ததும் பாண்டிமீனா வந்தாள். அண்ணன் வயிற்றில் கை வைத்து, “நானும் இந்த வீட்ல பெறந்தவதேன்” என்றாள். உள்ளே ஏற்கவில்லை.

“வீட்டு ஆம்பள சொல்லட்டும்.”

“எங்க வீட்டுப் பிள்ளைதேன்” என்றான் அழகுமலை.

“அப்ப வயலு?” என்று உள்ளிருந்து கேட்டார்கள்.

முத்துச்செல்வி அவன் தோளை உலுக்கினாள். “சொல்லித் தொலைங்க, உசுரு போகுது.”

அவன் வாயைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். “பட்டா எம் பேருலதேன் இருக்கு” என்றான்.

உள்ளே மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. விசாரணை முடிந்துவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்தது; அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள். பாண்டிமீனா வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.