தேதிக்கு முன்னால் பிரித்த வண்டி

வேதாசலத்தின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நோவும் இல்லை. ஓர் உதைக்குக் கிளம்பும், நிறுத்தினால் நிற்கும். அப்படியிருந்தும் 1946 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் கோணிச் சாக்கை விரித்து, டைனமோ, பேட்டரி, ஒயர் அத்தனையையும் கழற்றிப் போட்டிருந்தான். ரயில் பெட்டிகளின் விளக்குப் பிரிவில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருப்பவன் ஓடுகிற வண்டியைப் பிரித்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றான் அந்தப் பக்கமாகப் போன ஒருவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நடையைக் கட்டிவிட்டான்.

சொன்னது பொய்யில்லை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் அடுத்த பராமரிப்புத் தேதியைச் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். அந்தத் தேதி வந்தால், நன்றாக இருந்தாலும் பிரித்தாக வேண்டும். வருவதற்கு முன் மேலிடத்து உத்தரவில்லாமல் ஒருவனும் கைவைக்கக் கூடாது. வேதாசலம் தன் சொந்த வண்டிக்கும் அதே சட்டத்தைப் போட்டுக்கொண்டவன். இரண்டு வருஷத்துக்கு முன் பேட்டரிப் பெட்டியில் 15 என்று எழுதியிருந்தான். ஒன்பதாம் தேதி துடைக்கும்போது, ஹாண்டில் திரும்பும் இடத்தில் ஒயரின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. ஆறு நாள்தானே, தேதி வரட்டும் என்று விட்டான். தன் வண்டிக்கு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

பதினோராம் தேதி நாகம்மாவுக்கு வலி கண்டது. முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நர்ஸ் எலிசபெத் முன்பே சொல்லியிருந்தாள். மனைவியைச் சைடுகாரில் உட்காரவைத்துக் கிளம்பினான். ஹுசேன் சாகர் ஏரிக்கரையின் நடுவில் அந்தச் செம்பு இரும்பில் உரசிப் பேட்டரி செத்தது. பேட்டரியிலிருந்து தீப்பொறி எடுக்கிற வண்டி அது. பேட்டரி போனால் இஞ்சினும் போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஜட்கா கிடைத்தது. பிறந்தது ஆண் குழந்தை. அது அழவில்லை.

"தெரிஞ்சே விட்டுட்டேன் நாகம்மா" என்று அவனேதான் அவளிடம் சொன்னான். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம் என்று அவன் நினைக்காத நாள் இல்லை.

இப்போது அவளுக்கு மறுபடி எட்டாம் மாதம். இந்தக் குழந்தையும் குறுக்கே கிடந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே கரை. அதனால்தான் கோணிச் சாக்கு. ராணிகஞ்சில் பட்டாளத்துச் சாமான் விற்கிற கடையிலிருந்து பெரிய டைனமோ வாங்கிவந்து பொருத்தினான். பழைய ஒயரை ஒரு முழம் விடாமல் உருவிவிட்டு, இரண்டு மடங்கு தடிமனில் புதிதாக இழுத்தான். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஹாண்டில் அருகே தோலுறை தைத்துப் போட்டான். டைனமோவுக்குள் பாதிகூடத் தேயாத கார்பன் கட்டைகளையும் மாற்றினான்.

"கெட்டா மாத்துனா போதாதா அண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு ஜுலைகா.

"கெட்டப்புறம் மாத்துனா அது ரிப்பேரும்மா. இது வேற."

"இதெல்லாம் ஜாஸ்தி, நக்கோ, வேணாம் அண்ணே. உடம்பப் பாருங்க."

சாயந்திரம் தோறும் உப்பல் வரை ஓட்டிப் பார்த்தான். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் ஏறும் பக்கமே நின்றது. ஒருநாள் நாகம்மாவை ஏறிப் பார்க்கச் சொன்னான். உலையில் அரிசி போட்டிருப்பதாகச் சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை வலி எடுத்தது. வேதாசலம் ஓடிப்போய் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். சைடுகாரில் தலையணை போட்டான். இஞ்சின் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாகம்மா ஜுலைகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சைடுகாரைத் தாண்டி நடந்தாள். தெரு முனையில் அப்துல் ரஹீமின் ஜட்கா நின்றிருந்தது.

"ஒரு மாசமா காலைல வந்து நிக்கிறாரு. நான்தான் சொல்லி வெச்சேன்" என்றாள் நாகம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல். "வண்டி நல்லாதாங்க கீது. எனக்குத்தான் முடியல."

நியாயம் அவள் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஜட்காவின் பின்னாலேயே போனான். குதிரை நடைக்கு ஓட்டினால் எந்த டைனமோவும் வேலை செய்யாது. அத்தனை புதுச் சாமானையும் சுமந்துகொண்டு பேட்டரி இறங்கியபடியே இருந்தது. கரை முழுக்க அவன் முள்ளைப் பார்க்கவில்லை, ஜட்காவின் படுதாவைத்தான் பார்த்தான்.

பெண் குழந்தை. தாழ்வாரத்தின் கோடிவரை கேட்கிறாற்போல் அழுதது. வேதாசலம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜுலைகா ஜட்காவில் வந்திருந்தாள். வேதாசலம், கேட்காமலே, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தான். நாகம்மா குழந்தையை ஜுலைகாவின் மடியில் வைத்தாள். துணியை இழுத்து அதன் காதை மூடினாள். பிறகு மெதுவாக நடந்து வந்து சைடுகாரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

வேதாசலம் ஜட்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் இதுல வரேன்" என்றாள். "புள்ள அதுல வரட்டும்."

அவன் தலையாட்டிவிட்டு வண்டியை உதைத்தான்.

"ஜட்காவத் தாண்டிடாதீங்க" என்றாள் நாகம்மா.