டெலிபோன் பெண்கள்

வரலாற்றில் எம்.ஏ. முடித்த கவிதா, குர்காவ்ன் கால் சென்டர் ஒன்றில் அமெரிக்கர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். இருட்டியதும் டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸ் வாசலில் கம்பெனி வண்டி வந்து நிற்கும். அவள் ஏறுவதைப் பால்கனிகளிலிருந்து பார்ப்பார்கள். அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசரான அப்பா கலியமூர்த்தி அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

2002 பொங்கலுக்குக் குடியிருப்பு மன்றத்தில் தினமும் அமெரிக்கர்களோடு பேசுகிறவள் என்று கவிதாவை 'அமெரிக்க வாழ்க்கை' பற்றிப் பேசச் சொன்னார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளை அங்கே அனுப்பக் காத்திருப்பவர்கள். விசா, சம்பளம் என்று எதிர்பார்த்தார்கள்.

கவிதா எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்து லைன் போட்டுக் குடுத்தது பெரும்பாலும் சின்னப் பொண்ணுங்க. பக்கத்துல இருக்கிறவளோட பேசக் கூடாது. பின்னாடி மேற்பார்வைக்காரி நடந்துக்கிட்டே இருப்பா. தனியா ரூம் எடுத்துத் தங்கினா ஊர் ஏசும். 1919-ல பாஸ்டன்ல அவங்க ஸ்டிரைக் பண்ணாங்க. கம்பெனி எறங்கி வந்தது."

மன்றச் செயலாளர் சேஷன் எழுந்தார். "அந்தப் பொண்ணுங்க கதை இருக்கட்டும். நீ ராத்திரி பூரா எங்கே இருக்கே? அதைச் சொல்லு."

கூட்டம் சிரித்தது.

"உங்க பையனும் நியூஜெர்சில நைட் ஷிப்ட்தானே, அங்கிள்? அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஆம்பளையும் நீயும் ஒண்ணா?"

முன்வரிசையிலிருந்து கலியமூர்த்தி எழுந்து மேடைக்கு வந்தார். தனக்காகப் பேசத்தான் வருகிறார் என்று கவிதா ஒரு கணம் நம்பினாள். அவர் மைக்கை அணைத்தார்.

"மானத்த வாங்குனது போதும். எறங்கு."

அவள் இறங்கவில்லை. மைக் இல்லாமலே மீதியைச் சொன்னாள். ஆட்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். அம்மா லீலாவதி மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் கலியமூர்த்தி மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "வேலைய விடச் சொல்லு. இல்ல, வெளிய போகச் சொல்லு."

லீலாவதி பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினாள். கவிதாவின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

"என்னடி பண்றே?" என்று அவர் கத்தினார்.

"நீங்க சொன்னதத்தான்." பிறகு மகளிடம் திரும்பி, "கெளம்பு. இங்க இருந்தா தெனமும் இதான்" என்றாள்.

கவிதா பக்கத்து முனிர்காவில், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஓர் அறைக்குக் குடிபோனாள். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரும் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

வைகாசி விசாகத்தன்று மலை மந்திர் முருகன் கோயிலில் அம்மாவைச் சந்தித்தாள். கீழே, செருப்பு விடும் இடத்தில் நின்று பேசினார்கள்.

"ஆபீஸ்ல கேக்குறவங்ககிட்ட அப்பா என்ன சொல்றார் தெரியுமா?" என்றாள் லீலாவதி. "நீ அமெரிக்கா போயிட்டியாம். எல்லாரும் கைகுடுக்குறாங்களாம்."

கவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் பற்றி அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.