பஸீர் மச்சான் ஜமாஅத்தில் இருந்த நாட்கள்

இதைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. அந்தப் பொய்யை முதலில் சொன்னது பர்ஸானா என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். அவளோ நான்தான் சொன்னேன் என்கிறாள். அப்போது வெள்ளவத்தை ஃப்ளாட்டில் எங்களுடன் இருந்த மூன்றாமவர் ராத்தா. அவரைக் கேட்டுப் பயனில்லை.

ராத்தா என் மூத்த சகோதரி பஹ்மியா. பர்ஸானா அவருடைய ஒரே மகள். மூன்று வருடங்களுக்கு முன்பு ராத்தாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினார். ஆனால் அதன் பிறகு நடக்கிற எதுவும் அவரிடம் கால் மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. பழையவை அப்படியே இருந்தன. கொட்டாஞ்சேனையில் நாங்கள் பிறந்த வீட்டின் இலக்கத்தைச் சொல்வார். குர்ஆன் மத்ரஸாவில் நான் அடிவாங்கி, உடுத்த சாரத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துச் சொல்வார்.

டாக்டர் ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து விளக்கினார். அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிகிற இடம் கெட்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில், பயத்தையும் பாசத்தையும் வைத்திருக்கிற இடம் பெரும்பாலும் தப்பிவிட்டது. நடந்தது மறந்துபோனாலும் அதனால் வந்த உணர்ச்சி மிஞ்சலாம் என்றார். முதல் பாதியைத்தான் நான் கவனமாகக் கேட்டேன்.

சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸீர் மச்சான் மௌத்தானார். ராத்தாவின் கணவர், புறக்கோட்டையில் முப்பது வருடம் துணி வியாபாரம் செய்தவர். பர்ஸானா தினமும் எட்டு மணிக்குக் கிருலப்பனையிலிருந்து காலைச் சாப்பாட்டோடு வருவாள். அன்று வந்தபோது மச்சான் கட்டிலில் உயிரில்லாமல் கிடந்தார். பக்கத்தில் ராத்தா அவருடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "சத்தம் போடாதீங்க மகள், வாப்பா தூங்குறார்" என்றாராம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார், மச்சான் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்பதெல்லாம் ராத்தா ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அன்று மாலையே ஜனாஸாவை அடக்கினோம். எடுத்துச் செல்லுமுன் ராத்தா மய்யித்தின் முகத்தைப் பார்த்தார், அழுதார். அரை மணி நேரம் கழித்து, அவர் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரா என்று கேட்டார். பர்ஸானா நடந்ததைச் சொன்னாள். அப்போதுதான் கேட்பவர் போல ராத்தா மறுபடி அழுதார். மஃரிப் தொழுகைக்கு முன் இன்னொரு தடவை. இஷாவுக்குப் பின் இன்னொரு தடவை. நான்காவது தடவை அவர் கேட்டபோது எங்கள் இருவரில் ஒருவர் சொன்னது: "ஜமாஅத்தில போயிருக்கார், நாப்பது நாளைக்கி."

நம்பக்கூடியதுதான். வீட்டையும் கடையையும் விட்டு, ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் தங்கி மார்க்கம் பேசப் போகிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். மச்சானும் மூன்று தடவை போயிருக்கிறார். ராத்தா, "அப்படியா" என்றார். அன்று அதன் பிறகு அழவில்லை. எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனால் கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டோடு இருக்கும் இத்தா இருக்கிறதே. வெள்ளையைக் கண்டால் யார் மௌத் என்று கேட்பார். அதனால் பூப்போட்ட உடுப்பையே போட்டுவிட்டு, சுகமில்லை என்று சொல்லி வெளியே விடாமல் வைத்திருந்தோம். மௌலவி, அவருடைய நிலை அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார். துக்கம் கேட்க வந்த பெண்களைப் பர்ஸானா வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லி உள்ளே அனுப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் ராத்தாவோடு வேறு கதை கதைத்துவிட்டுப் போனார்கள். மேல் மாடி ஹபீலா என்னிடம், "மய்யித்து வீட்டுக்கு வந்து தேங்கா விலய கதைச்சது இதுதான் மொத தடவ, நாநா" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் கிழமையில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஜமாஅத் என்ற சொல்லைக் கேட்டதும் ராத்தாவின் முகம் இறுகியது. முதலில் மெதுவாக, பிறகு சொல்லி முடிக்குமுன்பே. மச்சானின் தலையணையைத் தரையில் போட்டிருந்தார். அவருடைய சட்டைகள் தொங்கிய அலுமாரியைத் திறப்பதை விட்டார். அவர் எங்கே என்று கேட்பதும் குறைந்தது. மறந்துவிட்டார், நல்லதுதான் என்று நான் நினைத்தேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் பர்ஸானா ஏதோ பேச்சில் வாப்பா என்று சொல்லிவிட்டாள். ராத்தா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்த மனிசன்ட பேர எனக்கிட்ட எடுக்காதீங்க."

ஏன் என்று பர்ஸானா கேட்டாள்.

"தெரியா மகள். என்னமோ செஞ்சிருக்கார் எனக்கு. நெஞ்சு சொல்லுது."

எனக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஜமாஅத்துக்குப் போன மூன்று தடவையும் மச்சான் ஒரு கிழமைக்கு முன்பே ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, போகட்டுமா என்று கேட்பார். ராத்தா ஓம் என்றால்தான் பை கட்டுவார். அதை வைத்து நாங்கள் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறோம். நாங்கள் சொன்ன பொய்யிலோ அவர் கேளாமல் போயிருந்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, ஐம்பத்திரண்டு நாட்கள், மச்சான் ராத்தாவிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தார். பொய் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மறந்துபோனது. மனம் நொந்தது மட்டும் சேர்ந்துகொண்டே வந்தது.

குசினியில், அடுப்புப் பக்கம் நின்று, பர்ஸானா உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். நான் தடுத்தேன். ஒவ்வொரு நாளும் புதிதாக அழவைக்கப் போகிறாயா என்று கேட்டேன். மாளிகாவத்தையிலிருந்து பின்னேரம் வந்துபோகிற உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அழுதா வாப்பாவுக்காக அழுவாங்க மாமா. இது வாப்பா மேல உள்ள கோவம். அவரு ஒண்டும் செய்யல்லயே."

நான் குசினி வாசலிலிருந்து விலகி நின்றேன். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் ஓய்ந்தது. அவள் உள்ளே போய் வெள்ளை உடுப்பை எடுத்து வந்தாள்.

"உம்மா, வாப்பா மௌத்தாகிட்டார்."

ராத்தா அவளைப் பார்த்தார். அந்த இறுகிய முகம் மெல்லத் தளர்ந்தது.

"எனக்கிட்ட சொல்லாமயா?"

"நீங்கதான் உம்மா பக்கத்துல இருந்தீங்க. நான் வரக்குள்ள நீங்க அவர்ட கைய பிடிச்சிக்கொண்டு இருந்தீங்க."

ராத்தா அழுதார். கால் மணி நேரம் கழித்து, தனக்கு ஏன் வெள்ளை உடுத்தியிருக்கிறது என்று ராத்தா கேட்டார். பர்ஸானா அதே சொற்களில் மறுபடி சொன்னாள்.

மிச்சமிருந்த எழுபத்தேழு நாட்களும் கேட்ட போதெல்லாம் அவள் சொன்னாள். முதல் கிழமை பார்க்க முடியவில்லை. நான் இரண்டு நாள் போகாமலே இருந்தேன். அதன் பிறகு அழுகை குறுகிவந்தது. சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அது புதுச் செய்தி. ஆனாலும் பர்ஸானா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவள் வாய் திறக்குமுன்பே கையை நீட்ட ஆரம்பித்தார். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

இத்தா முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கையில் தலையணை கட்டிலுக்குத் திரும்பியிருந்தது. நாங்கள் யாரும் எடுத்து வைக்கவில்லை. அன்று பர்ஸானா சொல்லி முடித்ததும் ராத்தா, "இன்னா லில்லாஹி" என்று, மௌத்தைக் கேட்டால் ஓதுவதை ஓதி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனிசன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்டார்.

வெள்ளவத்தை ஃப்ளாட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டோம். ராத்தா கிருலப்பனையில் பர்ஸானாவோடு இருக்கிறார்; உடம்பு நன்றாக இருக்கிறது. மச்சானைப் பற்றி வாரத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கேட்கிறார், சொன்னால் கேட்டுக்கொள்கிறார். உம்மாவைப் பார்ப்பதற்காக விட்டிருந்த வேலைக்குப் பர்ஸானா திரும்பிவிட்டாள். ஹபீலா மகனோடு இரத்மலானைக்குப் போய்விட்டாள். நான் மாளிகாவத்தையில்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் போய் வருகிறேன்.