டோரீன் பயந்த படம்

டோரீனைப் பேய்ப்படம் காட்டி மிரட்டுவது ஆகாத காரியம். அக்டோபர் பிறந்தால் சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்கு அடியிலிருக்கும் பேஸ்மென்டில் கூட்டம் கூடும். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. அவள், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பெர்னடீன், எதிர்வீட்டுக்குக் குடிவந்த லைல், அவ்வளவுதான். வாரம் ஒருவர் படம் கொண்டுவர வேண்டும். என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முடிந்ததும் எது நிஜ பயம், எது பம்மாத்து என்று கிழிகிழியென்று கிழிப்பார்கள். பெர்னடீனுக்குப் பொம்மை தலையைத் திருப்பினாலே போதும், குலை நடுங்கிவிடும். டோரீனோ, ரத்தத்தைக் கண்டால் பாஸ்தா சாஸ் நினைவுக்கு வருகிறது என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

அன்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வேறு. மகள் ஜானெல் திங்கட்கிழமை புது வேலைக்குப் போகிறாள். இனி பகல் முழுக்கப் பேத்தி மெய்ஸி இவள் பொறுப்பு. மூன்று வயது வாலு. அதற்காகவே டோரீன் தன் கடை வேலையைக்கூட விட்டுவிட்டாள்.

படம் கொண்டுவர வேண்டியது லைலின் முறை. வந்ததிலிருந்து அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்குப் படம் வேணாம் டோரீன். உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு காட்டணும்."

"அடியேய், இந்த வயசுல உனக்கு வந்த யோகத்தப் பாரேன்!" என்றாள் பெர்னடீன்.

"நழுவுற வேலையெல்லாம் வேணாம் லைல். போன வாரம் என் படத்துக்குக் குறட்டை விட்டீங்கல்ல? குடுங்க இப்படி."

"சொன்னா கேளுங்க..."

டோரீன் எங்கே கேட்டாள்? போனைப் பிடுங்கி, டிவியோடு இணைத்து, ஓடவிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

வாசல்மணி கேமராவில் பதிந்த காட்சி. மழை நாள், மங்கல் வெளிச்சம், லென்ஸில் வழியும் நீரில் கலங்கலாய்த் தெருவுக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு, முன்னால் ஒரு கார். சத்தமே இல்லை.

"ஓ, இந்த வகையா? வீட்டு கேமராவுல தானா பதிஞ்ச மாதிரியே எடுப்பானுங்க. நூறு பாத்தாச்சு" என்றாள் டோரீன்.

"பேய் எங்கடி?"

"இரு, ஜன்னல்ல வரும். எப்பவும் ஜன்னல்லதான்."

ஜன்னலில் ஒன்றும் வரவில்லை. திறந்திருந்த கார் ஷெட்டிலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்து, காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் எதையோ நோண்டத் தொடங்கியது. பின்விளக்கு எரிந்தது. கார் பின்னால் நகர்ந்தது.

"ஐயோ!" என்று பெர்னடீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா இருடி, எல்லாம் நடிப்பு. எந்தப் பைத்தியக்காரியாவது பின்னால பாக்காம வண்டிய எடுப்பாளா? நம்புற மாதிரி இல்ல லைல். பத்துக்கு ரெண்டு."

குழந்தையின் தலைக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது. கதவைத் திறந்து மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி இறங்கினாள். இடுப்பில் கை வைத்து எதையோ யோசித்தாள். தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். குழந்தை எழுந்து ஒரு அணிலைத் துரத்திக்கொண்டு புல்வெளிப் பக்கம் போய்விட்டது. அவள் கைப்பையோடு திரும்பி வந்தாள். வண்டியை எடுத்தாள். போய்விட்டாள்.

டோரீன் எழுந்து திரைக்கு அருகே போனாள். அது அவளுடைய கோட்டு. அவளுடைய கைப்பை. வியாழக்கிழமை பால் வாங்கப் புறப்பட்டு, பையை மறந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாளே, அதுதான். ஜானெல் அடுப்படியில் நின்றிருந்தாள். மெய்ஸி சோபாவில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். கைப்பை மட்டும் அன்று மறக்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"ஹாலோவீனுக்கு எங்க வாசல்ல வெச்ச பூசணிக்காய எவனோ உடைச்சிட்டான். கேமராவுல அவனத் தேடப் போயி இது கண்ணுல பட்டுச்சு. காலையிலேர்ந்து ரெண்டு வாட்டி உங்க கதவு வரைக்கும் வந்தேன். சொல்ல வாய் வரல" என்றான் லைல்.

மேலே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜானெல்.

"அழிச்சிடவா?" என்றான்.

"அழிச்சிடுங்க," பெர்னடீன் முந்திக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலயே டோரீன். தெரிஞ்சா அவ புள்ளய உங்கிட்ட விடவே மாட்டாடி."

விடமாட்டாள். டோரீனுக்கும் அது தெரியும். அழித்துவிட்டால் இந்த மூன்று பேரோடு போகும்.

தூங்கும் மெய்ஸியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜானெல் படியிறங்கி வந்தாள். "என்ன, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? அம்மாவையே பயமுறுத்துற படமும் வந்துடுச்சா?"

"அழிக்காதீங்க லைல்," டோரீனின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இவளுக்கும் போட்டுக் காட்டுங்க."

ஜானெல் நின்றபடியே பார்த்தாள். முதலில் சிரித்தாள். மழைக்கோட்டு வந்ததும் சிரிப்பு நின்றது. கத்துவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று டோரீன் காத்திருந்தாள். அவளோ குழந்தையின் தலையை, முதுகை, கால்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தாள்.

தூக்கம் கலைந்த மெய்ஸி பாட்டியைப் பார்த்துக் கை நீட்டினாள். டோரீனும் நீட்டினாள்.

ஜானெல் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.