பக்கிரி இறங்கிக் கொடுத்த எஃப்.சி.

பக்கிரி இறந்து ஆறாம் வருடம், அவர் கனத்தால் லாரி இடப்பக்கம் சாய்கிறது என்று கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று தர மறுத்துவிட்டார்கள். கருமாதி முடிந்த மறுநாளே அவர் லாரியில் வந்து உட்கார்ந்துகொண்டது சிதம்பரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். செத்தவருக்கு லைசென்ஸ் செல்லாது என்பதால், ஸ்டியரிங்கை மனைவியின் தம்பி கதிரவனிடம் விட்டுவிட்டு இடப்பக்க சீட்டோடு திருப்திப்பட்டுக்கொண்டார். ஆள் தெரியாது, சீட் மட்டும் அமுங்கியிருக்கும். சேத்தியாத்தோப்புக்குச் சிமென்ட் போனாலும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நெல் வந்தாலும் அவர் இறங்கியதே இல்லை.

முன்பெல்லாம் எஃப்.சி. என்றால் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்ப்பதுதான். புதுப் பெயிண்ட் வாசனையும் மீன்குழம்புச் சோறும் ஊர் வம்புமாக டிரைவர்களுக்கு அது திருவிழா. பக்கிரி அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்தச் சட்டையை அவர் மனைவி லோகநாயகி இன்னும் மடித்து வைத்திருக்கிறாள். இந்த வருடம் மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்கு ஏது தாட்சண்யம்? இடது விளக்கின் வெளிச்சம் தாழ்கிறது என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

"பிரேக்கு, டயரு எல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது," என்றார் இன்ஸ்பெக்டர் ராஜாமணி. "அவரக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க. இல்லன்னா வண்டிய ஒடைக்கத்தான் போடணும்."

லோகநாயகி இடப்பக்கக் கதவருகே போனாள். லாரியை உடைத்தால் அவருக்கு இருக்க இடமில்லை. இறங்கினாலோ, திரும்ப ஏறுவார் என்று என்ன நிச்சயம்?

"ஏங்க, கொஞ்சம் எறங்கி நில்லுங்க," என்றாள். கதவு திறந்தது. லாரி நிமிர்ந்தது. எஃப்.சி. கிடைத்தது.

ஆனால் அவர் ஏறவில்லை. கதிரவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "மாமா கோச்சிக்கினு போயிட்டாராக்கா?" என்றான். பொழுது சாய்ந்தது. வரிசையில் நின்ற லாரிகளை லோகநாயகி அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசி லாரியின் நிழலில் பழைய டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத ஓர் இடத்திலிருந்தும் சீட்டு விழுந்துகொண்டிருந்தது.

"இந்த ஆட்டம் முடியட்டும்மா," என்றார் அவர்களில் ஒருவரான ஆரோக்கியராஜ், சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருக்கு நல்ல கை வந்திருக்குது."

லோகநாயகி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமாக வராத சிரிப்பு வந்தது.

இப்போதெல்லாம் எஃப்.சி.க்குப் போனால் ஆட்டம் முடிந்த பிறகுதான் கிளம்புகிறார்கள். பக்கிரி ஜெயித்தால் ஒன்றுமில்லை. தோற்றுவிட்டால் சிதம்பரம் வரைக்கும் லாரி கொஞ்சம் ஜாஸ்தியாகவே சாய்ந்து வரும்.