சங்கிலிப்பாண்டி வாசித்த கவிதை

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் அளந்து ஊற்றினாலும் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பேன். ராஜபாளையத்தில் நடந்த கவிஞர்கள் மாநாட்டுக்குக் கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி மேல் ஒரு கண் வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மனுஷர், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டு, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு என்னோடு வருகிறார் என்றால் எதற்கு? என் கவிதைகளைத் தபாலில் சேர்ப்பது அவர்தான். அதில் ஒன்றையாவது படித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். அழகுத்தாய் என்ற என் சொந்தப் பேரிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் அகமது கபீர் என்பவர் நடத்திய சிறு பத்திரிகையில் வந்தன. மாநாடும் அவர் ஏற்பாடுதான். நான் அங்கே யாரையும் நேரில் பார்த்தவள் இல்லை. அதே பத்திரிகையில் வஞ்சுளவல்லி என்று ஒருத்தி எழுதுவாள். பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்க அழுதிருக்கிறேன். அவள் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ஆசையோடு போயிருந்தேன்.

கல்யாண மண்டப வாசலில் கபீர் பாயிடம், "வஞ்சுளவல்லி வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் கைகாட்டிய இடத்தில், முறுக்கிய மீசையோடு ஓர் ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நாந்தாம்மா. பேரு பேச்சிமுத்து. பொம்பள பேருல அனுப்புனா ஒடனே போடுதாங்க, அதான்" என்று சிரித்தார்.

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. அடப்பாவி, உனக்காகவா அழுதேன்!

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதைவிட மோசம். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. என்னிடம், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டவர்கள், அவரிடம் போய் படிமம், சொற்சிக்கனம் என்று பேசினார்கள். அவரும் வழக்கோடு வரும் கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். என்னடா இது, ஆளாளுக்கு ஒரு நாடகம் போடுகிறார்களே என்று பட்டது எனக்கு.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் விஷயம் வெளியே வந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"நீரும் நம்ம கட்சிதானவே" என்றார் பேச்சிமுத்து. "நான் இல்லாத பொம்பள பேரப் போட்டேன். நீரு வீட்டுல இருக்கிறவ பேரையே போட்டுட்டீரு. கெட்டிக்காரர்வே!"

'சீச்சீ, அவதான் எழுதுதா' என்று சொல்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

"வெளிய சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்று சிரித்தார் என் புருஷர்.

அவரைத் தனியே இழுத்துப்போய், "என்ன சொன்னீங்க அந்த ஆளுகிட்ட?" என்றேன்.

"வெளாட்டுக்குச் சொன்னதுட்டி. கோர்ட்டுல என்னைய யாரு மதிக்கா? இங்க நாலு பேரு மதிச்சுப் பேசுதாங்க. செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் முகத்தில் வெட்கமே இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அதை இங்கே காட்டக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலக் கவியரங்கத்துக்குக் கபீர் பாய் தலைமை. ஒவ்வொருவரையும் கிண்டலாக இரண்டு வரி சொல்லி அழைத்தார். என் முறை வந்ததும், "எழுதும் கை எவர் கையோ, வாசிக்கும் குரல் இவர் குரல்! வருக அழகுத்தாய்!" என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"எழுதுனவியளே வாசிக்கட்டும்" என்று அவரை மேடைக்குக் கூப்பிட்டேன். கைதட்டல் காதைப் பிளந்தது. அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. காலரைச் சரிசெய்துகொண்டு மேலே வந்தார். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த புதுக் கவிதையை அவர் கையில் கொடுத்தேன்.

கோர்ட்டில் மனு வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"பிள்ளையை
மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தாய்.
குளித்தாய்.
நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி..."

அதோடு நின்றுவிட்டார். கண்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டன என்று தெரிந்தது. வாய் மட்டும் போகவில்லை. எங்கள் முதல் பிள்ளை, முகம் பார்த்துச் சிரிக்கிற பருவத்தில் போய்விட்டாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

யாரோ செருமினார்கள். அவர் பக்கத்தில் நின்று, தாளைப் பார்க்காமல் மீதியை நான் சொன்னேன்.

"கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாய்.
அது நின்றிருந்தால்தான் என்ன?
அன்றைக்கு உனக்கு
மணி தெரிந்து என்ன ஆகவேண்டும்?"

யாரும் கைதட்டவில்லை. பேச்சிமுத்து எழுந்து நின்று, "அந்த அம்மாதான்யா எழுதியிருக்கு" என்றார். கபீர் பாய் தலைகுனிந்து என்னைக் கும்பிட்டார். மத்தியானத்திலிருந்து எதற்குத் தவித்தேனோ அது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவர் இன்னும் மைக் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்.

"அன்னைக்கு நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"பாத்தேன்."

"என்ன செய்யன்னு தெரியலட்டி. கை சும்மா இருக்கமாட்டேன்னுச்சு. அதான் ஏறுனேன்."

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கலாம்ல? இந்த மனுசனுக்கு ஈரமே இல்லன்னு இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"நானும் அழுதா ஒன்ன யாரு பாக்க?"

நம்பலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சமாளிக்கிறாரா, மெய்யாகத்தான் சொல்கிறாரா என்று திரும்பி முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். சத்தம் போட்டே அழுதார். பஸ்ஸில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.