காரம் போகாத சட்டை

நொய்யலின் இருகரையும் பங்குனி இளவெயில் பரந்து, வெளுப்புப் பட்டறைகளின் களங்களில் விரித்துப்போட்ட பின்னல் துணிகள் மண்ணுக்கு இறங்கிய முகில்போலக் கண்கூசக் கிடக்க, பனியன் பொறிகளின் இரைச்சல் ஓய்ந்த ஞாயிறாதலால் திருப்பூரின் வடபுறத்துச் சிறுகோவில் மணி தெளிவாய்க் கேட்ட காலைப்பொழுதில், பதினைந்து அகவைச் சலேத்தாள் தன் தந்தையின் சட்டையைக் கையிலேந்தி, பாம்பைத் தொட்டவள்போல் நின்றாள்.

கற்றறிந்தோரே, அன்று சூசையப்பர் திருநாள். அப்பெயரே தாங்கிய அவள் தந்தை சூசை, வெளுப்புத் தொட்டியில் நின்றுநின்று விரல்நுனி வெடித்தவன். எவனையும் எளிதில் நம்பாதவன். பிறர் தந்த குடிநீரையும் மோந்துபார்த்தே வாய்வைப்பவன். ஊர்த்துணிக்கெல்லாம் வெண்மை தந்த அவனுக்கு இருந்ததோ பழுப்பேறிய ஒரே சட்டை. அதைப் பால்போல் வெளுத்துத் தருவதே தன் நன்றியென்று எண்ணிய மகள், வீட்டிலிருந்த வெளுப்புத்தூளைக் கரைத்து ஊறவைத்து, கோடையில் நீர் அரிதென்று ஒரே குடத்தில் அலசி உலர்த்தினாள். வெண்மை வந்தது; துணியை அரிக்கும் தூளின் காரம் போகவில்லை. மடிக்கும்போது விரல்பட்ட தோள்பக்கத்து இழை மாவாய் உதிர்ந்தது. திருநாள் பவனியில் சப்பரத்தின் முன்தண்டைச் சுமக்கப்போகும் தந்தை ஊர்நடுவே நகைப்புக்கு ஆளாவானே என்று அஞ்சினாள்.

"இது வேண்டாமுங்கப்பா. துண்டைப் போத்திக்கிட்டுப் போங்க."

"ஏங் கண்ணு, நீ வெளுத்ததுதானே?"

அவள் உண்மையை மறைத்துச் சட்டையை நீட்டினாள். வாங்கியவன் பழக்கம்போல் முகத்தருகே கொண்டுபோய் ஒருநொடி நிறுத்தினான். பின் அணிந்துகொண்டான்.

சப்பரம் எழுந்தது. பாட்டும் மணியும் அவள் காதில் ஏறவில்லை. தந்தையின் தோளையே பார்த்து, ஒவ்வோர் அடிக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டபடி ஓரமாய் நடந்தாள். தெருமுனையில் திரும்புகையில் அவன் தண்டை உயர்த்தவும், சட்டை தோளிலிருந்து இடுப்புவரை பிளந்து தொங்கியது.

பின்தண்டைச் சுமந்த மணியன் சிரித்தான். "ஏனுங்க சூசண்ணா, சாமி கனமுங்களா, சட்டை இளப்பமுங்களா?"

"காரம் போகாத துணீன்னு மோந்தப்பவே தெரியும். எம் புள்ள வெளுத்துக் குடுத்துது. போடாம வெச்சுட்டு வர நானென்ன கிறுக்கனா? நீ உந் தண்டைப் பாருப்பா."

தலைகுனிந்து நின்ற சலேத்தாள் நிமிர்ந்தபோதுதான் கண்டாள்: காரம்பட்டுச் சிவந்த வெறுந்தோளை மரத்தண்டு அழுத்திக்கொண்டிருந்தது. தன் முக்காட்டை உருவி நாலாய் மடித்து, கூட்டத்தைப் பிளந்துசென்று, தண்டுக்கும் தோளுக்கும் நடுவே செருகினாள்.

சூசை திரும்பாமலே கேட்டான்: "இதாவது நல்லா அலசுனதா, ஆத்தா?"

"அலசுனதுங்கப்பா."

அஞ்சி அஞ்சி ஆக்கிய வெண்மை கிழிந்துபோயிற்று. அஞ்ச மறந்து வைத்த அச்சிறு துணியோ, சப்பரம் கோவில் சேருமளவும் அவன் தோளைவிட்டு நழுவவில்லை.